மூன்று வெண்டைக்காய், ஒரு கத்தரிக்காய்: இதை வைத்து என்ன சமைப்பது?

மொட்டைமாடி14 (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்களே என்று ஆடியில் மாடியில் 14 பை வைத்தேன். இன்று காலை பறித்தது: வெண்டைக்காய் 3, கத்தரிக்காய் 1, கொத்தவரை ஒரு கைப்பிடி, நாட்டுத் தக்காளி 2. வீட்டில் நான்கு பேர்.

இதில் எதுவும் ஒரு வேளைப் பொரியலுக்குக் காணாது. சேர்த்து வைத்துச் சமைக்கலாம் என்று ஃப்ரிட்ஜில் போட்டால், பத்தாவது வெண்டைக்காய் வருவதற்குள் முதல் வெண்டைக்காய் சுருங்கிக் கறுத்துவிடுகிறது. மாமியார் "சாமி படத்துக்கு முன்னால வை, கற்பூரம் காட்டிடலாம்" என்கிறார். கணவர் எக்செல்லில் கணக்கே போட்டுவிட்டார். பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், பந்தல் கம்பி எல்லாம் சேர்ந்து 4,300 ரூபாய். இதுவரை பறித்ததற்கு வகுத்தால் ஒரு காய் 61 ரூபாயாம்.

கடையில் அரைக்கிலோ வாங்கி இதோடு கலந்துவிடு என்று தோழி சொன்னாள். மனசு வரவில்லை. கலந்துவிட்டால் எது என் வெண்டைக்காய் என்று எப்படித் தெரியும்? இந்தக் கொஞ்சத்தை வைத்தே நான்கு பேர் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

நெல்லைக்காரன்

தங்கச்சி, இதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு சாப்பாடு இருக்கிறது: கூட்டாஞ்சோறு. எந்தக் காயும் முழுசாக இல்லாத நாளில்தான் அது ருசிக்கும்.

அரை டம்ளர் துவரம்பருப்பை நிறையத் தண்ணீர் விட்டு முதலில் வேகப் போடுங்கள். பருப்பு பாதி வெந்ததும் ஒரு டம்ளர் அரிசி. அரிசி கொதி வந்ததும் காய்கள், கடினமானது முதலில்: கொத்தவரை, வாழைக்காய் இருந்தால் அது, பிறகு கத்தரிக்காய், தக்காளி. கால் மூடித் தேங்காய், காய்ந்த மிளகாய் நாலு, சீரகம், சின்ன வெங்காயம் ஐந்தாறு, இரண்டு பல் பூண்டு, மஞ்சள், இதையெல்லாம் கொரகொரப்பாக அரைத்துச் சேர்க்க வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். ஒன்று, காய் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளி. முதலிலேயே ஊற்றினால் கொத்தவரை சாகிற வரை வேகாது. இறக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை. நல்லெண்ணெயில் வெங்காய வடகம் தாளித்துக் கொட்டிவிட்டால் தெருமுனை வரை வாசம் போகும்.

குக்கரில் வைக்காதீர்கள். குழைந்து கஞ்சியாகிவிடும். அடிகனமான பாத்திரம், சிறு தீ, பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வெண்டைக்காயை மட்டும் இதில் போடக் கூடாது. மொத்தச் சோற்றையும் கொழகொழ என்று ஆக்கிவிடும். அந்த மூன்றையும் என்ன செய்வதென்று கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் யாராவது சொல்வார்கள்.

கொங்குத்தோட்டம்

கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன். நான் கோபிப் பக்கம். பரவாயில்லை.

மூன்று வெண்டைக்காய் என்றால் மோர்க்குழம்புதான். துணியால் துடைத்து, ஈரமே இல்லாமல் விரல் நீளத்துக்கு நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கித் தனியாக வையுங்கள். மூடி போட்டு வதக்காதீர்கள், வேர்த்து நூல் விடும். ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் பச்சரிசி இரண்டையும் அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், சின்னத் துண்டு இஞ்சியோடு நைசாக அரைத்து, கடைந்த புளித்த தயிரில் கலக்கி அடுப்பில் ஏற்றுங்கள். நுரை கட்டி மேலே வரும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்கக் கூடாது. கொதிக்கவே கூடாது. அப்புறம் தாளிப்பு, வதக்கிய வெண்டைக்காய்.

ஆளுக்கு ஒன்றரைத் துண்டுதான் வரும். யார் தட்டில் எத்தனை விழுந்தது என்று சண்டை வரும். நல்லதுதானே.

காவிரிக்கரை

கொத்தவரையைக் கூட்டாஞ்சோற்றுக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. கைப்பிடி கொத்தவரைக்குப் பருப்பு உசிலி. ஒரு ஆழாக்கு பருப்பை ஊறவைத்து, மிளகாய் பெருங்காயம் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்து உதிர்த்து, வேகவைத்த கொத்தவரையோடு எண்ணெயில் பிரட்டினால் ஒரு கைப்பிடி மூன்று கைப்பிடியாகும். தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய குடும்பங்களில் இப்படித்தான் காயை நீட்டினார்கள். காய் குறைந்தால் பருப்போ தேங்காயோ அரிசியோ துணைக்கு வரும். விருந்தாளி வந்துவிட்டால் மூன்றும் வரும்.

அந்த ஒற்றைக் கத்தரிக்காயை எண்ணெய் தடவித் தணலில் சுட்டு, தோலை உரித்துப் பிசைந்து, கொஞ்சம் புளி, சுட்ட மிளகாய், பச்சை வெங்காயம் போட்டால் இரண்டு பேருக்கான கொத்சு.

மொட்டைமாடி14

சமைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கூட்டாஞ்சோறு பிரமாதம். மாமியார் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார், கற்பூரப் பேச்சு இல்லை. மோர்க்குழம்பு திரிந்துவிட்டது. போன் வந்தது, ஒரே நிமிடம்தான். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் தனி, தயிர் தனி, நடுவில் என் மூன்று வெண்டைக்காய் மிதக்கிறது. கொங்கு அண்ணா, நீங்கள் இரண்டு தடவை எழுதியது இதற்குத்தான் என்று இப்போது புரிகிறது.

இன்னொரு சந்தேகம். சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கிறது. பிஞ்சும் வருகிறது. கட்டைவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லையா?

கொங்குத்தோட்டம்

குழம்பை ஆறவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள், ஓரளவு சேரும். ருசி கெடாது, பார்வைதான் கெடும். அடுத்த முறை போனை வேறு அறையில் வையுங்கள்.

பென்ஷன்தாரர்

சுரைக்காய்க்கு உரம் காரணமில்லை அம்மா, மாப்பிள்ளை வரவில்லை. நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது பெண் பூவின் அடிப்பகுதி. பூ வரும்போதே அந்தக் குட்டிச் சுரைக்காய் அதன் அடியில் இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. கொடி முதலில் ஆண் பூக்களாகத்தான் தள்ளும், பெண் பூ பின்னால் வரும்.

சுரைப்பூ சாயங்காலம் விரியும், மறுநாள் வெயில் ஏறினால் வாடிவிடும். ஊர்ப்புறத்தில் அந்திப் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும். உங்கள் மாடியில் அது நடக்கவில்லை, நீங்கள்தான் செய்ய வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணி வேறு கட்சி, அது விடியற்காலையில் விரியும். பீர்க்கு சுரையைப் போலச் சாயங்காலம்.

நான் வேலையில் இருந்த 34 வருடமும் மாலை 6 மணிக்கு வீட்டில் இருந்ததே இல்லை. இப்போது தினமும் அந்த நேரத்துக்கு மாடியில் டார்ச்சோடு நிற்கிறேன். வீட்டுக்காரி "அப்பவே இப்படி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்கிறாள். பதில் சொல்லாமல் பூவைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

புதுவிதை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவரைக்கொடி நுனியில் கறுப்பாகக் குட்டிப் பூச்சி அப்பிக்கிடக்கிறது. எறும்பும் ஏறுகிறது. என்ன செய்வது?

பென்ஷன்தாரர்

அசுவினி. அது சுரக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது, எறும்பே அதற்குக் காவலும் நிற்கும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். சாயங்காலம் தெளிக்கணும், வெயிலில் தெளித்தால் இலை கருகும். மிக மோசமான நுனிகளைக் கிள்ளி எறியுங்கள்.

மொட்டைமாடி14

ஐயா, ஐந்து பெண் பூவுக்குத் தடவினேன், ஒன்று நின்றுவிட்டது! காம்பு தலை குனிந்துவிட்டது, காய் தினமும் பெருக்கிறது. அதைப் பார்க்க மட்டும் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை மாடிக்குப் போகிறேன்.

ஆனால் ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம், நான்கு நாள். தண்ணீர் ஊற்றச் சொன்னவர் மறந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் சுரைக்கொடி துவண்டு கிடக்கிறது. ஊற்றியதும் இரவுக்குள் நிமிர்ந்துவிட்டது. வெண்டைதான் அநியாயம். நான் இருந்தபோது ஒவ்வொன்றாகக் காய்த்த செடி, நான் இல்லாதபோது 11 காய். எல்லாம் ஒரு ஜாண் நீளம். கத்தியே இறங்கவில்லை.

நெல்லைக்காரன்

வெண்டை அப்படித்தான். பூத்து ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டும், அதற்கு மேல் நார். நுனியை ஒடித்துப் பாருங்கள், படக்கென்று ஒடிந்தால் காய், வளைந்தால் விறகு. சந்தையில் ஒவ்வொரு காயாக நுனி ஒடிக்கும் ஆச்சிகளிடம் கடைக்காரர் கத்துவார் பாருங்கள், அவர்கள் செய்வது பரிசோதனை.

முற்றியதை எல்லாம் உடனே அறுத்துவிடுங்கள். செடியில் விட்டால் அது விதை வேலையில் இறங்கிவிடும், புதுப் பூ குறையும். நல்ல காயாக ஒன்றை மட்டும் விதைக்கு விட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காய்ந்து வெடிக்கும் தறுவாயில் எடுக்கலாம். வெண்டை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடி, தாய் மாதிரியேதான் பிள்ளை வரும் (பக்கத்தில் வேறு ரகம் வைத்திருந்தால் உத்தரவாதம் கிடையாது).

காவிரிக்கரை

விதை விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம். போன தைப்பட்டத்துக்கு "நாட்டு ரகம்" என்று கண்காட்சியில் ஒருவரிடம் முள்கத்தரி விதை வாங்கினேன். வேலூர் இலவம்பாடி முள்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஆளாளுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். 70 நாள் கழித்துக் காய்த்தது வழவழவென்று ஊதா நிறம், ஒரு முள் கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது? அதிலிருந்து, காயைச் சாப்பிட்டுப் பார்த்த வீட்டில்தான் விதை கேட்டு வாங்குகிறேன்.

ஸ்காபரோ வெள்ளரி (கனடா)

தங்கச்சி, உங்களுக்கு மூன்று மூன்றாக வருகிறது, எங்களுக்கு எல்லாம் ஒரேயடியாக. மே மாத விக்டோரியா நாள் விடுமுறை கழியும் வரைக்கும் இங்கே தக்காளி, கத்தரி, மிளகாய்க் கன்றுகளை வெளியில் நட ஆட்கள் பயப்படுவார்கள், உறைபனி விழுந்துவிடும். பிறகு அக்டோபரில் மறுபடி பனி. நடுவில் உள்ள நாலு மாதத்துக்குள் நாற்று நட்டு, பந்தல் போட்டு, காய் பிடுங்க வேண்டும்.

பனி வருகிறது என்று வானிலையில் சொன்ன இரவு, ஜாக்கெட் போட்டுக்கொண்டு டார்ச் அடித்து, பழுக்காத தக்காளி முழுவதையும் பிடுங்கிக்கொண்டு வருவோம். போன முறை இரண்டு வாளி. பச்சைத் தக்காளியைக் கீலமாக வெட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் போட்டு அவித்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் பால்கறி. அம்மா யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயில் வைத்த அதே கறிதான். முருங்கை சாடியில் நிற்கிறது. குளிருக்கு அறைக்குள் தூக்கி வைத்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தடி மாதிரி நிற்கும். ஏப்ரலில் ஒரு துளிர் வந்தால் வீட்டில் எல்லோரும் போய்ப் பார்ப்போம்.

மொட்டைமாடி14

சுரைக்காய்க் கதை சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளம்.

இன்று காலை அறுத்தேன். ஒன்றரைக் கிலோ இருந்தது. கீழ்வீட்டு அம்மா கொஞ்ச காலமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் பைகளைத் தரையிலேயே வைத்திருந்ததில் அவர்கள் கூரையில் ஈரம் பூத்துவிட்டது. பிறகு இரும்பு ஸ்டாண்டு வாங்கிப் போட்டேன், அடியில் தட்டும் வைத்தேன். பேச்சு மட்டும் வரவில்லை. இதுதான் சாக்கு என்று பாதிச் சுரைக்காயை எடுத்துப் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை இல்லை.

மேலே வந்து மீதியில் கூட்டு வைத்தேன். பாசிப்பருப்பு வெந்து, தேங்காய் அரைத்து ஊற்றியாகிவிட்டது. காலிங் பெல். மூட்டு வலி என்று மாடிப்படியே ஏறாத அம்மா, கையில் ஒரு கீற்றுச் சுரைக்காயோடு மூச்சு வாங்க நிற்கிறார். "சமைச்சிட்டியா? யாராவது வாயில வெச்சீங்களா? இது பேய்ச்சுரைடி, கொட்டிடு."

நறுக்குவதற்கு முன் நுனியில் ஒரு கீற்றுச் சீவி நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கமாம். எனக்கு அப்படியொரு வழக்கம் இருப்பதே தெரியாது. கூட்டை ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினேன். நாக்கு இன்னும் கசக்கிறது.

மாமியார் கொட்ட விடவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருக்கலாம், வெல்லம் போட்டால் சரியாகும், கொதித்த பிறகு என்ன செய்யும் என்றார். கீழ்வீட்டு அம்மா விடவில்லை. என் சமையலறையில் இரண்டு பேரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் கொட்டினோம். ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவாது என்பார்கள், என்னுடையது மாடிச் சுரைக்காய், அதுவும் உதவவில்லை.

கொட்டியது சரிதானா? ஏன் கசந்தது? பக்கத்துப் பையில் பாகற்கொடி இருக்கிறது, அதன் மகரந்தம் கலந்துவிட்டதா?

ஆய்வகத்து அணில்

நூறு சதவீதம் சரி. அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

வெள்ளரி, சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். பூச்சியும் விலங்கும் தின்னாமல் இருக்க குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளை உண்டாக்குவது இந்தக் குடும்பத்தின் பழக்கம். நாம் சாப்பிடும் ரகங்களில் அது மிகக் குறைவாக இருக்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். சில விதையில் அந்தப் பழைய குணம் திரும்பிவிடும். கடும் வெயில், தண்ணீர்ப் பஞ்சம் போன்ற நெருக்கடியில் செடி கசப்பைக் கூட்டவும் செய்யும். உங்கள் கொடி நான்கு நாள் காய்ந்து துவண்டது என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேகவைத்தால் அது போகாது. உப்பும் வெல்லமும் நாக்கை ஏமாற்றும், குடலை ஏமாற்றாது. வாந்தி, கடும் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது வரை போகும். கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரிழப்பே நடந்திருக்கிறது. அதை ஆராய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஒரு குழு போட்டு, அதன் அறிக்கை 2012-ல் அவர்களுடைய ஆய்விதழில் வந்தது. கசந்தால் குடிக்காதே, குடித்து உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே மருத்துவமனைக்குப் போ என்பதுதான் அதன் சாரம்.

பாகல் மேல் பழி போடாதீர்கள். சுரையும் பாகலும் கலக்காது. இன்னொன்று, எந்த மகரந்தம் விழுந்தாலும் இந்தக் காயின் சதை தாய்க்கொடியின் குணம்தான். கலப்பு நடந்தால் உள்ளே இருக்கும் விதையில்தான் தெரியும். ஆகவே இந்தக் கொடியில் அடுத்து வரும் காயையும் நம்பாதீர்கள், விதையும் எடுக்காதீர்கள். நானாக இருந்தால் கொடியையே பிடுங்கிவிடுவேன்.

புதுவிதை

அப்படியானால் பாகற்காய்? அது கசக்கத்தானே செய்கிறது?

ஆய்வகத்து அணில்

நல்ல கேள்வி. பாகல் கசப்பதற்குக் காரணமான பொருள்கள் வேறு, மொமார்டிசின் என்ற வகை. கசப்பே அதன் இயல்பு, நாம் சாப்பிடும் அளவில் பழகிய காய். கசக்க வேண்டியது கசக்கலாம். கசக்கக் கூடாத சுரை, வெள்ளரி, பீர்க்கு, பூசணி கசந்தால்தான் ஆபத்து.

நெல்லைக்காரன்

எங்கள் ஆச்சி வெள்ளரிக்காய் நுனியை நறுக்கி வாயில் போட்டு மென்றுவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுப்பாள். தின்பண்டத்தில் பங்கு எடுக்கிறாள் என்று நானும் தம்பியும் அழுதிருக்கிறோம். ஐம்பது வயதில் இன்றுதான் அது ஏன் என்று தெரிகிறது.

மொட்டைமாடி14

கொடியைப் பிடுங்கிவிட்டேன். பந்தல் வெறுமையாய் இருக்கிறது, மாடி ஏறும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. பென்ஷன் ஐயா, உங்கள் டார்ச் வேலை வீணாகிவிட்டது, மன்னியுங்கள்.

கீழ்வீட்டு அம்மா நேற்று ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார், அவர் தங்கை வீட்டுப் பீர்க்கங்காய் விதை. கூடவே பீர்க்கந்தோல் துவையலுக்குக் கைப்பக்குவமும் சொன்னார்: தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, உளுந்து, மிளகாய், கொஞ்சம் புளி, தேங்காய், அம்மியில் அரைத்தால் விசேஷம். மழை ஓய்ந்து தையில் போடச் சொல்லியிருக்கிறார். காய்த்தால் பாதி அவருக்கு. முதல் கீற்றை அவர்தான் தின்று பார்ப்பாராம், அது நிபந்தனை.

கணவருடைய கணக்கில் சுரைக்காயை எந்தப் பத்தியில் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

பென்ஷன்தாரர்

வீண் ஒன்றும் இல்லை அம்மா. பீர்க்கும் சாயங்காலப் பூதான். டார்ச்சைப் பத்திரமாக வையுங்கள். மழைக்கு முன் பைகளின் அடியில் இருக்கும் ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். ஐப்பசியில் செடிகள் தாகத்தில் சாவதில்லை, வேர் அழுகித்தான் சாகும்.

தாம்பரத்துத் தக்காளி

வணக்கம், இந்த இழையை முழுவதும் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். என்னிடம் இரண்டே இரண்டு வெண்டைக்காய் இருக்கிறது. வீட்டில் மூன்று பேர்.

மொட்டைமாடி14

மோர்க்குழம்பு. போனை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.